சொன்னால் கேட்கும், கேட்டதா என்று சொல்லாது: ராஸ்பெரி பை ஓவர்லே ஏற்பாடு

ஒற்றைப் பலகையில் அமைந்த சிறு கணினியான ராஸ்பெரி பை போர்டுக்கு மதிப்புரைகள் குறைவில்லை. அதன் வேகம், சூடு, விலை எல்லாவற்றையும் பலரும் அளந்து எழுதிவிட்டார்கள். ஆனால் அந்தப் போர்டின் ஓரத்தில் நிற்கும் 40 பின்களில் ஒரு சிறு கருவியை இணைத்துவிட்டு, ‘இங்கே இன்னது இருக்கிறது’ என்று லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குத் தெரிவிக்கும் ஏற்பாட்டைத் தனியாக எடுத்து எடை போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. போர்டின் அமைப்புகளை எழுதிவைக்கும் கான்ஃபிக் கோப்பில் ‘டிடிஓவர்லே’ என்று தொடங்கும் ஒரு வரியை எழுதுகிறோம். வேலை நடந்தால் அதை மறந்துவிடுகிறோம், நடக்காவிட்டால் ஒயரைச் சந்தேகிக்கிறோம். இந்த மதிப்புரை அந்த ஒற்றை வரியையும், அதற்குப் பின்னால் இயங்கும் ஃபர்ம்வேர் (போர்டை முதலில் தொடங்கிவைக்கும் நிரல்), டிவைஸ் ட்ரீ (வன்பொருள் விவரங்களின் மரவடிவப் பட்டியல்), ஓவர்லே கோப்புகள் (அந்த மரத்தில் ஒட்டும் கூடுதல் கிளைகள்) ஆகியவற்றையும் பற்றியது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தன்னைத் தானே அறிவித்துக்கொள்ளத் தெரியாத வன்பொருளைச் சாதாரணப் பயனர் ஒருவர் கெர்னலுக்கு அறிமுகப்படுத்துவதற்கு, நான் கையாண்ட சிறு போர்டுகளில் இதைவிட வசதியான வழியைக் கண்டதில்லை. அதே சமயம், சொன்னதை ஏற்றுக்கொண்டதா இல்லையா என்று வாய்திறக்காத அதன் குணம் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மாறாமல் இருப்பதை நியாயப்படுத்தவும் என்னால் முடியவில்லை.

இப்படி ஓர் ஏற்பாடு ஏன் தேவைப்படுகிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. யுஎஸ்பி விசைப்பலகையைச் செருகினால் கணினி உடனே அதைப் புரிந்துகொள்கிறது. ஏனெனில் யுஎஸ்பி கருவி என்பது வாசலில் நின்று ஊரையும் பேரையும் சொல்லிவிட்டு உள்ளே வரும் விருந்தாளி. தயாரிப்பாளர் எண், பொருள் எண், எந்த வகைக் கருவி என்ற விவரம் எல்லாவற்றையும் கேட்டவுடன் ஒப்பித்துவிடும். பிசிஐ அட்டைகளும் அப்படித்தான். சிறு சிப்களை இணைக்கும் ஐ2சி, எஸ்பிஐ போன்ற இணைப்புகளில் இந்த மரியாதை கிடையாது. ஐ2சி என்பது இரண்டே ஒயர்கள். அவற்றில் தொங்கும் ஒவ்வொரு சிப்பும் 7 பிட் முகவரி ஒன்றை வைத்திருக்கும். அந்த முகவரியைக் கூப்பிட்டால் ‘இருக்கிறேன்’ என்று ஒரு பிட் அளவில் பதில் தரும். யார் என்று சொல்லாது. எஸ்பிஐயில் அந்த ஒரு பிட் பதில்கூடக் கிடையாது. சிப்பைத் தேர்ந்தெடுக்கும் ஒயரைத் தாழ்த்திவிட்டு அனுப்புகிறோம். மறுமுனையில் ஆள் இருக்கிறதா என்பதே தெரியாது.

டிஎஸ்3231 என்ற கடிகாரச் சிப்பின் ஐ2சி முகவரி, ஹெக்ஸ் (பதினாறடிமான) கணக்கில், 68. எம்பியு6050 என்ற அசைவு உணரியின் வழக்கமான முகவரியும் அதே 68. ஒன்று நேரம் காட்டுவது, மற்றொன்று சாய்வையும் சுழற்சியையும் அளப்பது. 68இலிருந்து பதில் வந்தது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு கெர்னல் எதை முடிவு செய்யும்? உள்ளிருக்கும் ரெஜிஸ்டர்கள் என்ற சிறு நினைவிடங்களைப் படித்துப் பார்த்து ஊகிக்கலாமே என்று தோன்றும். சில சிப்களில் அடையாள எண்ணுக்கென்றே ஒரு ரெஜிஸ்டர் உண்டு. பாஷ் நிறுவனத்தின் பிஎம்இ280 உணரி டி0 என்ற ரெஜிஸ்டரில் 60 என்றும், அதன் தம்பியான பிஎம்பி280 அதே இடத்தில் 58 என்றும் காட்டும். ஆனால் எல்லாச் சிப்பும் அப்படியில்லை. தெரியாத சிப்பிடம் போய்க் கேள்வி கேட்பதே சில நேரம் விபரீதமாகிவிடும், ஏனெனில் படிப்பதற்கான அழைப்பை அது எழுதுவதற்கான கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும். வெப்பநிலை உணரிகளைத் தேடும் எல்எம்-சென்சார்ஸ் என்ற நிரல், ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினிகளின் சில மாடல்களில் நினைவகச் சிப் ஒன்றின் உள்ளடக்கத்தைச் சிதைத்து, அவற்றைத் தொடங்கவே விடாமல் செய்தது லினக்ஸ் வரலாற்றில் பதிவான சங்கதி. ஐ2சி முகவரிகளைத் துழாவும் கட்டளை இன்றைக்கும் ‘இந்த நிரல் உங்கள் இணைப்பைக் குழப்பலாம், தரவு இழப்பும் அதைவிட மோசமானதும் நேரலாம்’ என்ற பொருளில் எச்சரித்துவிட்டு, தொடரவா என்று கேட்பது இதனால்தான்.

ஆகவே கெர்னல் தேடிக் கண்டுபிடிக்காது. யாராவது சொல்ல வேண்டும். யார் சொல்வது என்பதில்தான் இத்தனை ஆண்டுகளாகச் சண்டை நடந்திருக்கிறது. மேசைக் கணினிகளில் அந்தப் பொறுப்பு ஏசிபிஐ என்ற வன்பொருள் விவர அட்டவணைகளுக்குப் போனது. மதர்போர்டு தயாரிப்பாளரே அவற்றை எழுதி ஃபர்ம்வேரில் வைத்து அனுப்பிவிடுகிறார். ராஸ்பெரி பை போன்ற சிறு போர்டுகளில் உள்ள ஆர்ம் பிராசஸர்களின் உலகில் அப்படி யாரும் இல்லாததால் கெர்னலின் மூலநிரலுக்குள்ளேயே எழுதினார்கள். ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு சி கோப்பு; அதில் ‘இந்த நினைவக முகவரியில் சீரியல் போர்ட், இந்த ஐ2சி இணைப்பில் இந்தச் சிப்’ என்று பட்டியல். கெர்னலைத் தொடங்கிவைக்கும் பூட் லோடர் என்ற நிரல் ஓர் எண்ணைப் பிராசஸரின் ஆர்1 ரெஜிஸ்டரில் போட்டு அனுப்பும். கெர்னல் அந்த எண்ணுக்குரிய கோப்பைத் தேடி எடுத்துக்கொள்ளும். தொடக்க கால ராஸ்பெரி பையின் எண் 3138. ஒரு கடிகாரச் சிப்பைப் புதிதாக இணைக்க வேண்டுமானால், கோட்பாட்டளவில், கெர்னலையே திருத்தி மறுபடி கம்பைல் செய்ய (எந்திர மொழிக்கு மாற்ற) வேண்டும். போர்டுகள் பெருகப் பெருக இந்தக் கோப்புகள் மலைபோல் குவிந்தன. ஒருவர் திருத்தியது இன்னொருவரின் திருத்தத்தோடு மோதியது. 2011 மார்ச்சில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுமை இழந்து, ஆர்ம் பக்கத்துக் குப்பையை ஒழுங்கு செய்யுங்கள் என்று கடுமையான சொற்களில் எழுதினார்.

மருந்து ஏற்கெனவே பக்கத்து வீட்டில் தயாராக இருந்தது. சன் நிறுவனத்தின் பணிநிலையங்களிலும் ஆப்பிளின் பவர்பிசி கணினிகளிலும் இருந்த ஓப்பன் ஃபர்ம்வேர், வன்பொருள் விவரத்தை ஒரு மரவடிவில் இயங்குதளத்துக்குக் கொடுத்துவந்தது. 1994இல் அது ஐஇஇஇ 1275 என்ற தரமாகவும் வெளியாகியிருந்தது. அந்த மரத்தை மட்டும் தனியே எடுத்துத் தட்டையான ஒரு பைனரிக் கோப்பாக்கும் முறையை 2005 வாக்கில் பவர்பிசி லினக்ஸ்காரர்கள் உருவாக்கியிருந்தார்கள். டோர்வால்ட்ஸின் கோபத்துக்குப் பிறகு ஆர்ம் உலகம் அதை வேகமாகச் சுவீகரித்துக்கொண்டது. கெர்னலின் நிரல் வேறு, போர்டின் விவரம் வேறு என்று பிரிந்தன. இந்தக் கோப்பின் முதல் நான்கு பைட்டுகளை ஹெக்ஸில் படித்தால் ஆங்கிலத்தில் ‘டூட் ஃபீட்’ என்று வரும்; பொறியாளர்களின் நகைச்சுவை அவ்வளவுதான்.

ராஸ்பெரி பை இந்த வழிக்கு முழுமையாக வந்தது 2015இன் தொடக்கத்தில், கெர்னல் 3.18உடன். அப்போது பழைய முறையில் வேலை செய்துகொண்டிருந்த ஐ2சி, எஸ்பிஐ கருவிகளும் அகச்சிவப்பு ரிமோட் ஏற்பிகளும் புதுப்பிப்புக்கு மறுநாள் பலருக்கும் நின்றுபோயின. எரிச்சல் ஊட்டிய மாற்றம்தான். ஆனால் சரியான மாற்றம். இன்று அந்தப் போர்டை வாங்குகிறவர்களுக்கு அது எதுவும் நினைவில் இருக்க வேண்டிய அவசியமில்லை.

இனிப் பயன்பாட்டுக்கு வருகிறேன். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் டிஎஸ்3231 மாட்யூல் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: நீலப் பலகை, பின்புறம் பட்டன் பேட்டரி, முன்புறம் ஆறு பின்கள். நான்கு ஜம்பர் ஒயர்கள் போதும். அவற்றை மாட்டிவிட்டு ஐ2சி முகவரிகளைத் துழாவினால் கட்டம் கட்டமாக வரும் அட்டவணையில் இரண்டு எண்கள் தெரியும்: 57, 68. கடிகாரம் 68. அப்படியானால் 57 யார்? அது அதே பலகையில் சாலிடர் செய்யப்பட்டிருக்கும் 32 கிலோபிட் நினைவகச் சிப். அதை யாரும் பயன்படுத்துவதில்லை. ‘நான் டிஎஸ்3231’ என்று அதில் எழுதிவைத்திருந்தால்கூட ஒரு பிரயோஜனம் இருந்திருக்கும். அதைப் பற்றிப் பிறகு.

கான்ஃபிக் கோப்பில் எழுத வேண்டியது ஒரே வரி: டிடிஓவர்லே, சமக்குறி, ஐ2சி-ஆர்டிசி, காற்புள்ளி, டிஎஸ்3231. சேமித்து, மறுபடி பூட் செய்து, அதே துழாவலை மீண்டும் செய்தால் 68 இருந்த கட்டத்தில் எண்ணுக்குப் பதில் ‘யுயு’ என்ற இரண்டு எழுத்துகள் நிற்கும். ‘இந்த முகவரியைக் கெர்னல் டிரைவர் ஒன்று எடுத்துக்கொண்டுவிட்டது, நீ கைவைக்காதே’ என்பது அதன் பொருள். டிரைவர் என்பது ஒரு கருவியை இயக்கும் கெர்னல் நிரல். கெர்னலின் பதிவைப் புரட்டினால், ஆர்டிசி-டிஎஸ்1307 என்ற டிரைவர் 1-0068 என்ற கருவியைக் கடிகாரமாகப் பதிந்துகொண்டதாக ஒரு வரி இருக்கும். வாங்கியது 3231, பதிந்தது 1307 என்று பதற வேண்டாம்; ஒரே குடும்பத்துச் சிப்கள் பலவற்றுக்கும் அந்த ஒரே டிரைவர்தான் பணிபுரிகிறது. கம்பைலர் வேண்டாம், கெர்னல் மூலநிரல் வேண்டாம், டிரைவரைக் கைப்பட ஏற்ற வேண்டியதுகூட இல்லை. 2011இல் கெர்னலையே திருத்தக் கேட்ட வேலை ஒரு வரியில் முடிகிறது என்றால், அதைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

அந்த ஒரு வரி என்ன செய்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். ராஸ்பெரி பையில் முதலில் கண்விழிப்பது லினக்ஸ் அல்ல, அதன் ஃபர்ம்வேர். அது போர்டின் மாடலுக்கு ஏற்ற அடிப்படை டிவைஸ் ட்ரீ கோப்பை நினைவகத்தில் ஏற்றும். கான்ஃபிக் கோப்பைப் படிக்கும். நாம் பெயர் சொன்ன ஓவர்லே கோப்பை எடுத்து, அதிலுள்ள கிளையை மரத்தில் உரிய இடத்தில் ஒட்டும். ஒட்டி முடித்த மரத்தைக் கெர்னலிடம் ஒப்படைக்கும். நம்முடைய ஓவர்லே சேர்க்கும் கிளையில் முக்கியமானவை மூன்று: மாக்சிம் நிறுவனத்தின் டிஎஸ்3231 என்ற அடையாளச் சொல், 68 என்ற முகவரி, இந்த ஐ2சி இணைப்பு செயல்படட்டும் என்ற நிலைக்குறிப்பு. கெர்னல் அந்த அடையாளச் சொல்லைத் தன் டிரைவர்கள் ஒவ்வொன்றும் வைத்திருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தும் டிரைவரைக் கூப்பிடுகிறது. எந்த இடத்திலும் ஊகம் இல்லை. அதனால்தான் 68இல் உண்மையில் எம்பியு6050 இருந்தாலும், நாம் டிஎஸ்3231 என்று எழுதியிருந்தால் கடிகார டிரைவர் போய் அசைவு உணரியின் ரெஜிஸ்டர்களிடம் நேரம் கேட்டுக்கொண்டிருக்கும். எழுதியவர் சொல்வதே உண்மை என்று நம்பும் ஏற்பாடு இது.

ராஸ்பெரி பைக்காரர்கள் இந்தப் பொது முறையின் மேல் கட்டிய மாடிதான் அவர்களை மற்றவர்களிடமிருந்து பிரிக்கிறது. வழக்கமான ஓவர்லே இறுக்கமானது. முகவரி மாறினால் கோப்பையே திருத்திக் கம்பைல் செய்ய வேண்டும். இவர்களுடைய ஓவர்லேயில் மாற்றத்தக்க மதிப்புகளுக்கென்று ஒரு தனிப்பகுதி இருக்கிறது; ஃபர்ம்வேர் அதைப் படித்து, நாம் வரியில் காற்புள்ளியிட்டு எழுதும் அளவுருக்களை உரிய இடத்தில் நிரப்பிவிடும். ஐ2சி-ஆர்டிசி என்ற ஒரே கோப்பு ஒரு டஜனுக்கும் மேற்பட்ட கடிகாரச் சிப்களுக்குப் பொருந்துவது இப்படித்தான். இருநூறுக்கும் மேற்பட்ட ஓவர்லேக்கள் போர்டுடன் தயாராக வருகின்றன. ஒலி அட்டைகள், திரைகள், கேமராக்கள், வாகனங்களில் பயன்படும் கேன் இணைப்பு, வெப்ப உணரிகள், சாதாரணப் பொத்தான்கள் வரை. அவை ஒவ்வொன்றுக்கும் என்னென்ன அளவுரு உண்டு, விடுபட்டால் என்ன மதிப்பு என்பதையெல்லாம் விளக்கும் ரீட்மீ கோப்பு ஒன்று அதே கோப்புறையில் இருக்கிறது. திறந்த மென்பொருள் உலகில் இத்தனை ஒழுங்காகப் பராமரிக்கப்படும் ஆவணத்தை நான் அதிகம் கண்டதில்லை. டிடிஓவர்லே கட்டளைக்கு உதவிக் குறியும் ஓவர்லேயின் பெயரும் கொடுத்தால் அதே விளக்கம் முனையத்திலேயே வந்துவிடும். இணையத்தில் யாரோ எப்போதோ எழுதிய செய்முறைக் குறிப்பைத் தேடி அலைவதைவிட இது நூறு மடங்கு மேல்.

இத்தனை நன்றாகச் செய்தவர்கள் அந்த ஒன்றை ஏன் விட்டார்கள் என்பதுதான் என் ஆற்றாமை. ஓவர்லேயின் பெயரில் ஓரெழுத்து மாறிவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. போர்டு வழக்கம்போலப் பூட் ஆகும், திரை வரும், உள்நுழையலாம். கடிகாரம் மட்டும் இருக்காது. பெயர் சரியாக இருந்து அளவுருவில் பிழையிருந்தாலும் அதே கதை: ‘தெரியாத அளவுரு, புறக்கணிக்கப்பட்டது’ என்று ஃபர்ம்வேர் ஒரு குறிப்பை எழுதும், ஆனால் கெர்னலின் பதிவில் அல்ல, தன் சொந்தப் பதிவில். அதைப் பார்க்க விசிலாக் என்ற தனிக்கட்டளை வேண்டும். அப்படி ஒன்று இருப்பதையே அறியாதவர் கெர்னலின் பதிவை எத்தனை முறை புரட்டினாலும் தடயம் கிடைக்காது. கெர்னலைப் பொறுத்தவரை அந்தக் கருவியைப் பற்றி அதனிடம் யாரும் எதுவும் சொல்லவே இல்லை. ஆகவே அது புகார் சொல்லவும் வழியில்லை.

இன்னொரு நுட்பமான குழியும் உண்டு. கான்ஃபிக் கோப்பின் ஒரு வரியில் 98 எழுத்துகளுக்கு மேல் இருந்தால் மிகுதி கண்டுகொள்ளப்படாது. அளவுருக்களைக் காற்புள்ளியிட்டு நீட்டிக்கொண்டே போகிறவர்களுக்குக் கடைசி அளவுரு காணாமல் போவது இதனால். நீளத்தைத் தவிர்க்க அளவுருக்களை அடுத்தடுத்த வரிகளில் ‘டிடிபாராம்’ என்று எழுதலாம். அப்போது அவை முந்தைய ஓவர்லேயைச் சேர்ந்தவையாகக் கருதப்படும். இதனால் போர்டுக்குப் பொதுவான ஓர் அளவுருவைத் தவறான இடத்தில் எழுதினால் அது வேறொரு ஓவர்லேயின் கணக்கில் போய்ச் சேரும் வாய்ப்பு உண்டு. வெறுமையான ஒரு டிடிஓவர்லே வரியை இடையில் எழுதி முந்தையதை முடித்துவைக்க வேண்டும். இவையெல்லாம் ஆவணத்தில் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் கோப்பைச் சேமிக்கும்போதோ பூட் ஆன பிறகோ ‘ஏழாவது வரி புரியவில்லை’ என்று ஒரு வார்த்தை சொல்ல என்ன தடை? கெர்னல் மூலநிரலுக்குள் சேரும் டிவைஸ் ட்ரீ விவரங்களுக்கு இன்று யாமல் என்ற உரை வடிவில் இலக்கணமே எழுதி, எந்திரத்தைக் கொண்டு சரிபார்க்கிறார்கள். அறிந்தவர்கள் எழுதுவதற்கு அத்தனை காவல். புதியவர் எழுதும் ஒரு வரிக்கு ஒன்றுமில்லை என்பது தலைகீழான நியாயம்.

இதற்கு ஒரு பாதி மாற்று இருக்கிறது. பூட் ஆன பிறகும் முனையத்தில் டிடிஓவர்லே கட்டளையைக் கொண்டு ஓவர்லேயை ஏற்றலாம். பெயரோ அளவுருவோ பிழைத்தால் அங்கேயே திட்டு விழும். ஆகவே புதிய கருவியை முதலில் இப்படி ஏற்றிப் பார்த்துவிட்டு, சரிவந்த பிறகு அதே சொற்களைக் கான்ஃபிக் கோப்பில் எழுதுவதுதான் நான் பிறருக்குப் பரிந்துரைக்கும் ஒழுங்கு. ஆனால் எல்லா ஓவர்லேயும் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலில் ஏறாது. ஏறும்போதே ‘இதை நீக்கினால் நினைவகக் கசிவு ஏற்படும்’ என்று கெர்னல் எச்சரிக்கை எழுதுவதையும் காணலாம். அடுக்கின் நடுவிலிருக்கும் ஒன்றை நீக்கச் சொன்னால் அதற்கு மேலுள்ளவற்றை இறக்கி, மறுபடி ஏற்றும். இறங்க மறுக்கும் டிரைவர் ஒன்று இடையில் இருந்தால் என்ன ஆகும் என்பது அன்றைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. சோதனை மேசைக்கு இது சரி. ஆளில்லாத இடத்தில் ஓட வேண்டிய எந்திரத்தில் நான் இதைத் தொடமாட்டேன். பொது லினக்ஸ் கெர்னலில் பயனர் தரப்பிலிருந்து ஓவர்லே ஏற்றும் வழி சேர்க்கப்படவே இல்லை என்பதும், ராஸ்பெரி பை அதைத் தன் சொந்தக் கெர்னலில் சுமந்துகொண்டிருக்கிறது என்பதும் கவனிக்கத்தக்கவை.

இப்போது அந்த 57க்கு வருவோம். தன்னை அறிவிக்கத் தெரியாத கருவிக்கு ஓர் அடையாள அட்டை கொடுத்துவிட்டால் என்ன என்ற யோசனை ராஸ்பெரி பைக்கு முன்பே பீகிள்போன் என்ற மற்றொரு சிறு போர்டில் நடைமுறைக்கு வந்தது. அதன் மேல் மாட்டும் ‘கேப்’ பலகைகளில் நினைவகச் சிப் வைத்து, 54 முதல் 57 வரையிலான முகவரிகளில் படிக்கச் செய்தார்கள். 2014 ஜூலையில் ராஸ்பெரி பை ‘ஹேட்’ என்ற பெயரில் அதே வழியைத் தன் பாணியில் அறிவித்தது. நாற்பது பின்களில் 27, 28 ஆகிய இரண்டும் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. மேலே மாட்டும் பலகையின் நினைவகச் சிப்பை, முகவரி 50இல், ஃபர்ம்வேர் பூட் ஆகும்போதே படிக்கும். தயாரிப்பாளர் பெயர், பொருளின் பெயர், ஓவர்லே ஆகியவை அதிலிருந்து வரும். கான்ஃபிக் கோப்பில் எதுவும் எழுத வேண்டாம். ஒழுங்காகத் தயாரிக்கப்பட்ட ஹேட் ஒன்றை மாட்டி, மின்சாரம் கொடுத்து, டிரைவர் தானாக ஏறியிருப்பதைப் பார்ப்பது ஒரு தனி நிறைவு; ஐ2சி என்ற பழைய இரட்டை ஒயரில் யுஎஸ்பியின் நாகரிகம் வந்துவிட்டது போலிருக்கும்.

ஆனால் சந்தையின் பெரும்பகுதி அந்த நாகரிகத்துக்கு வெளியே இருக்கிறது. ஹேட் அளவிலும் வடிவிலும் இருந்துகொண்டு, அடையாள நினைவகம் இல்லாமலோ, இருந்தும் வெறுமையாகவோ வரும் பலகைகள் ஏராளம். பெயர் சொல்ல விரும்பாத ஒரு விற்பனையாளரிடம் வாங்கிய சிறு திரை ஒன்றுடன் கிடைத்த செய்முறைத் தாள், தயாராக இருக்கும் ஓவர்லே ஒன்றின் பெயரை எழுதச் சொல்லாமல், கெர்னலையே தங்களுடைய பழைய பதிப்பால் மாற்றி எழுதும் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டச் சொன்னது. அந்தத் திரையின் சிப்புக்குரிய ஓவர்லே ரீட்மீயில் இருந்தது. ஒரு வரியில் முடிந்தது. வாங்குமுன் ஒரு கேள்வி கேட்பது நல்லது: இதற்கு எந்த ஓவர்லே? பதில் சொல்லத் தெரியாத கடையில் வேறு மாட்யூல் பார்த்துக்கொள்ளலாம்.

கேமரா, திரை ஆகியவற்றில் இவர்கள் இன்னொரு நடைமுறையைக் கையாள்கிறார்கள். தங்களுடைய சொந்தக் கேமராக்கள் எந்தெந்த முகவரியில் இருக்கும் என்பது தெரிந்திருப்பதால், ஃபர்ம்வேர் அந்த இணைப்பில் மட்டும் போய் விசாரித்து, கிடைத்த விடைக்கு ஏற்ற ஓவர்லேயை ஏற்றுகிறது. தெரிந்தவர்கள் வரும் வாசலில் மட்டும் விசாரிப்பதால் திங்க்பேட் போன்ற விபத்துக்கு இடமில்லை. பிற நிறுவனக் கேமரா என்றால் இந்தத் தானியங்கிக் கண்டறிதலை நிறுத்திவிட்டுப் பெயரை நாமே எழுத வேண்டும்.

ராஸ்பெரி பை 5 வந்த பிறகு நிலைமை சற்று வேடிக்கையாகிவிட்டது. 2023இல் வெளியான அந்தப் போர்டில் பின்களையும், ஐ2சி, எஸ்பிஐ இணைப்புகளையும் கவனிப்பது ஆர்பி1 என்ற தனிச்சிப். அது பிரதான சிப்புடன் பேசுவது பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக. தன்னைத் தானே அறிவிக்கும் இணைப்பில் அமர்ந்துகொண்டு, தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்பதை மட்டும் டிவைஸ் ட்ரீயைப் பார்த்துத் தெரிந்துகொள்ளச் சொல்கிறது ஆர்பி1. பயனருக்கு இதனால் வந்த தொல்லை குறைவு என்பதுதான் பாராட்டத்தக்கது. பழைய போர்டுக்கும் புதிய போர்டுக்கும் வேறுவேறு கோப்பு தேவைப்படும் இடங்களில், ஒரே பெயரை எழுதினால் மாடலுக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளும் ஒரு பெயர் அட்டவணையைச் சேர்த்திருக்கிறார்கள். புளூடூத்தை அணைக்கும் வரி எல்லா மாடலிலும் அப்படியே பொருந்துகிறது. கைவிடப்பட்ட ஓவர்லேக்களுக்கு ‘இதற்குப் பதில் அதை எழுது’ என்ற குறிப்பும் அதே அட்டவணையில் இருக்கிறது. அந்தக் குறிப்பும், வழக்கம்போல, ஃபர்ம்வேரின் பதிவுக்குள்தான் போகிறது.

பட்டியலில் இல்லாத சிப்புக்குச் சொந்தமாக ஓவர்லே எழுதுவது அவ்வளவு கடினமில்லை. ஏறத்தாழப் பதினைந்து வரி உரைக்கோப்பு, அதைப் பைனரியாக்கும் டிடிசி என்ற கம்பைலர், கோப்புறையில் ஒரு நகல். கெர்னலில் அந்தச் சிப்புக்கு டிரைவர் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஓவர்லே என்பது விவரம், டிரைவர் அல்ல என்ற வேறுபாட்டை மறந்து, ஓவர்லே எழுதினால் கருவி ஓடிவிடும் என்று எதிர்பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை சோதித்துப் பார்க்க மட்டும் என்றால் ஓவர்லேகூட வேண்டாம். கெர்னல் அறிந்த கருவிகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில், ஐ2சி இணைப்பின் கோப்புறையில் ‘நியூ டிவைஸ்’ என்ற கோப்புக்குள் சிப்பின் பெயரையும் முகவரியையும் எழுதினால் கெர்னல் அந்தக் கணமே டிரைவரைக் கூப்பிடும். அது எந்த லினக்ஸ் போர்டிலும் வேலை செய்யும். ஆனால் குறுக்கீட்டு ஒயர் (சிப் தானாகக் கெர்னலின் கவனத்தை அழைக்கும் ஒயர்) எது, மின்சாரம் எந்தப் பின்னிலிருந்து போன்ற விவரங்களைச் சொல்ல அதில் இடமில்லை.

மற்ற போர்டுகளில் இதே வேலையை ஆர்ம்பியன் என்ற லினக்ஸ் பதிப்பு செய்கிறது. அதன் சூழல் கோப்பில் ஓவர்லே பெயர்களை ஒரே வரியில் அடுக்கி எழுதலாம், அளவுருக்களும் உண்டு. ஆனால் ஒவ்வொரு சிப் குடும்பத்துக்கும் கிடைக்கும் ஓவர்லேக்களின் எண்ணிக்கையும் தரமும் வேறுபடுகின்றன. விளக்கக் கோப்பு ராஸ்பெரி பையின் ரீட்மீக்குப் பக்கத்தில்கூட வராது. பீகிள்போன் தன் கேப் ஓவர்லேக்களைப் பூட் லோடரான யு-பூட்டிடம் ஒப்படைத்துவிட்டது. உறுதியானது, ஆனால் புதியவருக்கு ஏற்றதல்ல.

பள்ளி, கல்லூரி ஆய்வகத்துக்கோ வீட்டுத் திட்டங்களுக்கோ போர்டு தேர்ந்தெடுப்பவர் இந்த ஏற்பாட்டுக்காகவே ராஸ்பெரி பையை எடுக்கலாம் என்பேன். கூடவே, பிழை கண்டுபிடிக்க விசிலாக் கட்டளையையும், கூடுதல் விவரம் வேண்டுமானால் கான்ஃபிக் கோப்பில் டிடிடீபக் என்பதற்கு 1 என்ற மதிப்பையும் முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். விற்பனைக்குப் பொருள் தயாரிப்பவர் வேறு கணக்குப் போட வேண்டும். இங்கே எழுதிய ஓவர்லேயின் அளவுருப் பகுதியைப் பிற போர்டுகளின் பூட் லோடர்கள் அறியாது. நாளை வேறு சிப்புக்கு மாறினால் மாற்றத்தக்க மதிப்புகளை ஒவ்வொன்றாக நிலைப்படுத்தி, இணைப்புகளின் பெயர்களை அந்தப் போர்டின் மரத்துக்கு ஏற்பத் திருத்தி எழுத வேண்டியிருக்கும். அடையாளச் சொல்லும் முகவரியும் மட்டும் அப்படியே கூட வரும்.